சேதமான தரவைக் கண்டால் மென்பொருள் சத்தம் போட வேண்டுமா, சமாளித்துக்கொண்டு ஓட வேண்டுமா?

காட்பாடியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டிருக்கிறார். காலை நேரம்; சித்தூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் முதல் பஸ்ஸில், வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வாசல்வரை நிற்கிறார்கள். ஒருவரின் பழைய முடிவைத் திறக்கப் போனால், ‘இந்த பிளாக்கில் உள்ள பக்கம் செல்லாதது’ என்று சொல்லி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அதைத் தர மறுக்கிறது. மென்பொருளை விற்றவரோ தொலைபேசியில், “ஒரு செட்டிங்கை மாற்றினால் இந்தப் பிழை வராது, மாற்றிவிடட்டுமா?” என்கிறார். உரிமையாளரும் சரி என்கிறார். லட்சக்கணக்கான பதிவுகளில் ஏதோ ஒன்று கெட்டுவிட்டதற்காக இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா, நல்ல மென்பொருள் என்றால் அதைத் தாண்டிப் போக வேண்டாமா என்பது உரிமையாளருடைய கேள்வி. பிழை காட்டாத வேறு தரவுத்தளத்துக்கு மாறிவிடலாமா என்றும் நண்பர் கடைசியில் கேட்டிருக்கிறார்.

மாற்றவிடாதீர்கள். குறைந்தபட்சம், தினமும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் மாற்றவிடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

விற்பனையாளர் சொல்லும் செட்டிங் பெரும்பாலும் ‘ஜீரோ டேமேஜ்ட் பேஜஸ்’ என்பதாகத்தான் இருக்கும். போஸ்ட்கிரெஸ் தன் தரவை 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக வைத்திருக்கிறது. டிஸ்கிலிருந்து படித்த பக்கம் சேதமாக இருந்தால், அந்த ஒரு வினவலை, அதாவது தரவு கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் நிறுத்திப் பிழை சொல்லும். மற்ற பக்கங்களைத் தொடும் வேலைகள் நடந்துகொண்டே இருக்கும். இந்த செட்டிங்கைப் போட்டுவிட்டால், சேதமான பக்கம் முழுவதையும் நினைவகத்தில் பூஜ்ஜியங்களால் நிரப்பிவிட்டு, அந்த இடத்தில் எதுவுமே இருந்ததில்லை என்பதுபோல் மேலே போகும். சர்வரின் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை வரி எழுதப்படும் என்பது உண்மைதான். அந்தப் பதிவேட்டை உங்கள் லேபில் யார் திறந்து பார்க்கிறார்கள்?

‘ஒரு பதிவு’ என்று உரிமையாளர் நினைப்பதும் சரியல்ல. ஒரு பரிசோதனை முடிவு நூற்று நாற்பது பைட் இடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்தில் ஏறக்குறைய ஐம்பத்தெட்டு முடிவுகள் இருக்கும். அத்தனையும் ஒன்றாகக் காணாமல் போகும். இதைவிட மோசமானது அன்று இரவு நடக்கும். செட்டிங் மாறாமல் இருந்திருந்தால், பேக்கப் எடுக்கும் ‘பிஜி டம்ப்’ அந்தப் பக்கத்தைத் தொட்டதும் தோல்வி என்று சொல்லி நின்றிருக்கும். சர்வர் முழுவதற்கும் அந்த செட்டிங் போடப்பட்டுவிட்டால் அதே பேக்கப் எந்தத் தடங்கலும் இல்லாமல் முடிந்து, வெற்றி என்று அறிவிக்கும். ஐம்பத்தெட்டு முடிவுகள் குறைந்த பேக்கப் அது. நாளை மறுநாளும் அப்படியே. நீங்கள் பழைய பேக்கப்புகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை அழிப்பவராக இருந்தால், முழுமையான கடைசிப் பிரதியும் ஒருநாள் உங்கள் கையாலேயே அழிக்கப்படும்.

‘ஓடிக்கொண்டிருக்கட்டும்’ என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாததற்கு இதுதான் முதல் காரணம். தரவு சேதமாவதை யாராலும் முற்றிலும் தடுக்க முடியாது. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 15.3 லட்சம் டிஸ்குகளை 41 மாதங்கள் கவனித்ததில், எழுதியது ஒன்றும் படித்தது வேறொன்றுமாக வந்த நிகழ்வுகள் 4 லட்சத்துக்கும் மேல் இருந்தன. சேதம் வரும். அது வந்த நாளுக்கும் நமக்குத் தெரியவரும் நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் கழிகிறது என்பதுதான் நம் கட்டுப்பாட்டில் இருப்பது. உங்கள் லேபுக்கு இதன் பொருள் மிகவும் நேரடியானது. இன்று காலை தெரிந்தால், ரத்த மாதிரி இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது, திரும்ப ஓட்டலாம். அனலைசர் கருவியின் சொந்த நினைவகத்தில் முடிவு இருக்கிறது. நோயாளி வங்காளத்திலிருந்து வந்தவர் என்றால், வேலூர்த் தோட்டப்பாளையத்தில் ஏதோ ஒரு லாட்ஜில்தான் தங்கியிருப்பார், கூப்பிட்டால் வருவார். மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால் மாதிரி இல்லை, கருவியில் பழைய முடிவுகள்மேல் புதியவை எழுதப்பட்டிருக்கும், நோயாளி கொல்கத்தா ரயில் ஏறி எப்போதோ போயிருப்பார். சேதம் இரண்டு முறையும் ஒரே அளவுதான். திருத்திக்கொள்ளும் வழிகள்தான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போகின்றன.

காணாமல் போவதாவது பரவாயில்லை. இல்லாததை யாராவது தேடுவார்கள். மாறிப்போவதுதான் எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது. பல லேப் மென்பொருள்கள் முடிவுகளை எண்ணாக அல்லாமல் எழுத்தாக வைத்திருக்கின்றன, ‘நெகட்டிவ்’ போன்ற முடிவுகளும் அதே இடத்தில் வர வேண்டும் என்பதற்காக. எழுத்து வடிவில் 7 என்ற இலக்கத்துக்கும் 3 என்ற இலக்கத்துக்கும் இடையே கணினியில் இருக்கும் வேறுபாடு ஒரே ஒரு பிட், அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1. ஒருவருடைய பொட்டாசியம் 7.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயத்துடிப்பையே நிறுத்தக்கூடிய அளவு. உடனே ஓட வேண்டிய நிலை. அந்த ஒரு பிட் புரண்டால் திரையில் 3.4 என்று வரும். சாதாரண அளவு 3.5 முதல் 5.0 வரை என்பதால், சற்றே குறைவு என்று யாராவது பொட்டாசியம் மருந்தைக்கூட எழுதிக் கொடுத்துவிடலாம். வரி சரியாக இருக்கிறது, தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது, எண் நம்பும்படியாக இருக்கிறது. மனிதக் கண்ணால் இதைப் பிடிக்க முடியாது. பிடிக்கக்கூடியது செக்சம் மட்டும்தான். அதாவது, பக்கத்தை எழுதும்போதே அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு அதனுடனேயே வைக்கப்படும் சரிபார்ப்பு எண்.

போஸ்ட்கிரெஸில் இந்தச் செக்சம் 2013-இல் வந்த 9.3 பதிப்பிலேயே இருக்கிறது. ஆனால் நிறுவும்போது நாமே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தானாகவே இயங்கும்படி வந்தது 2025-இல் வெளியான 18-ஆம் பதிப்பில்தான். இடையில் நிறுவப்பட்ட எத்தனையோ சர்வர்கள் அது இல்லாமலே ஓடுகின்றன. உங்களுடையதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். செக்சம் இல்லாவிட்டாலும் பக்கத்தின் தலைப்பகுதி கெட்டிருந்தால் இதே பிழை வரும் என்பதால், பிழை வந்ததை வைத்துச் செக்சம் இருப்பதாக முடிவுகட்ட வேண்டாம். எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்திலும் இதே கதைதான். பஜாரில் பல பில்லிங் மென்பொருள்களுக்கு அடியில் இருப்பது அதுதான். அதன் ‘இன்டெக்ரிட்டி செக்’ கட்டளை அமைப்பு கெட்டிருந்தால் சொல்லும். அமைப்பு சரியாக இருந்து உள்ளே ஓர் இலக்கம் மட்டும் மாறியிருந்தால், எல்லாம் நலம் என்றே சொல்லும். பக்கத்துக்குப் பக்கம் செக்சம் வேண்டுமென்றால் தனியாக ஒரு கூடுதல் பகுதியை இணைக்க வேண்டும்.

இன்னொரு வகைச் சேதம் இருக்கிறது. தமிழில் பெயர்களைப் பதிவு செய்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். லினக்ஸில் எழுத்துகளின் அகரவரிசையை முடிவு செய்வது ‘ஜிலிப்சி’ என்ற அடிப்படை நூலகம். 2018-இல் அதன் 2.28 பதிப்பு வந்தபோது வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. போஸ்ட்கிரெஸ் தன் இண்டெக்ஸ்களை, அதாவது விரைவாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்களை, பழைய வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தது. இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு அதே இண்டெக்ஸைப் புதிய விதிப்படி தேடத் தொடங்கியது. டிஸ்கில் ஒரு பிட்கூடப் புரளவில்லை. செக்சம் எல்லாம் சரி. ஆனால் இருக்கும் பெயரைத் தேடினால் ‘இல்லை’ என்று வரலாம். வரவேற்பு மேசையில் இருப்பவர் இயல்பாக என்ன செய்வார்? புதிய நோயாளியாகப் பதிவு செய்வார். ஒருமுறைதான் வர வேண்டும் என்று கட்டுப்பாடு போட்ட இடத்திலும் இரண்டாவது பதிவு நுழைந்துவிடும், ஏனென்றால் அந்தக் கட்டுப்பாடும் இதே இண்டெக்ஸைத்தான் கேட்டுப் பார்க்கிறது. பழைய முடிவுகள் ஓரிடத்தில், புதியவை வேறிடத்தில். ஒருவருடைய சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே வருவதை மருத்துவர் பார்க்கவே மாட்டார். ரீஇண்டெக்ஸ் செய்தால், அதாவது அந்தப் பட்டியலைப் புதிதாக உருவாக்கினால், தேடல் சரியாகும். அதற்குள் உண்டான இரட்டைப் பதிவுகளை மனிதர்கள் உட்கார்ந்துதான் சேர்க்க வேண்டும். அப்போதெல்லாம் தரவுத்தளம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இப்போது, 15-ஆம் பதிப்பு முதல், தரவுத்தளம் உருவானபோது இருந்த வரிசைப் பதிப்பைக் குறித்துவைத்து, மாறியிருந்தால் எச்சரிக்கிறது. இதற்காக அதை உருவாக்கியவர்களுக்கு நான் நன்றியுடையவன்.

எவ்வளவு சத்தம் என்பதிலும் அளவு இருக்கிறது. படிக்கும்போது ஒரு பக்கம் கெட்டிருந்தால் அந்த வினவலோடு நிறுத்துவது போதும். லேப் முழுவதையும் மூட வேண்டியதில்லை. எழுதும்போது சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்துவதே சரி. 2018-இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களை உலுக்கிய விஷயம் ஒன்று. டிஸ்கில் உறுதியாக எழுதிவிடு என்று லினக்ஸைக் கேட்டு அது தோற்றால், தோல்வியை ஒருமுறை சொல்லிவிட்டு, எழுதப்படாத அந்தப் பக்கத்தை எழுதப்பட்டது என்றே குறித்துக்கொண்டுவிடும். மறுபடி கேட்டால் வெற்றி என்று பதில் வரும். மறுபடி கேட்டுப் பார்ப்பதைத்தான் போஸ்ட்கிரெஸ் செய்துகொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தப் பதிப்புகள் முதல், அப்படி ஒரு தோல்வி வந்தால் சர்வர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் தன் குறிப்பிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் எழுதுகிறது. பார்ப்பவருக்கு இது முரட்டுத்தனமாகத் தெரியும். எழுதியது எழுதப்பட்டதா என்று தெரியாத நிலையில் மேலே மேலே கணக்கு எழுதுவதைவிட இது எவ்வளவோ பொறுப்பானது.

சகிப்புக்கு இடமே இல்லையா? இருக்கிறது, தாராளமாக. ஆனால் அது வாசலில் இருக்க வேண்டும், கிடங்கில் அல்ல. வேலூருக்கு வரும் நோயாளிகளில் தமிழர், தெலுங்கர், உருது பேசுபவர், வங்காளிகள், வடகிழக்கு மாநிலத்தவர் எல்லோரும் உண்டு. குடும்பப்பெயர் கட்டாயம் என்று மென்பொருள் அடம்பிடித்தால், தலைப்பெழுத்தோடு மட்டும் வாழும் நம் ஊர்க்காரர் என்ன செய்வார்? பிறந்த தேதி தெரியாத பாட்டியிடம் தேதி கேட்டு நின்றால், மேசையில் இருப்பவர் ஜனவரி 1 என்று தட்டிவிடுவார். அதுவும் ஒரு பொய்த் தரவு. ஆம்பூர்க்காரரின் பழைய பதிவில் மாவட்டம் வட ஆற்காடு என்று இருக்கும், பிறகு வேலூர் என்று இருக்கும், 2019 பிரிவினைக்குப் பிறகு திருப்பத்தூர் என்று இருக்கும். மூன்றும் அந்தந்தக் காலத்தில் சரியானவை. எதையும் பிழை என்று தள்ளக்கூடாது. தெரியாததைத் தெரியாதது என்றே வாங்கி வைத்துக்கொள்ள மென்பொருளுக்குப் பெருந்தன்மை வேண்டும்.

வாங்கிய தரவைத் தானாகவே ‘சரிசெய்து’ வைப்பது வேறு. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் 2015-இல் 5.7 பதிப்பு வரும்வரை இயல்பாகவே அப்படித்தான் நடந்துகொண்டது. பத்து இலக்கக் கைபேசி எண்ணைச் சாதாரண முழுஎண் இடத்தில் போட்டால், அந்த இடத்தின் உச்ச அளவான 2147483647-ஐ எழுதிவிட்டு வெற்றி என்று சொல்லும். நம் நாட்டுக் கைபேசி எண்கள் எல்லாமே 6 அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கத்தில் தொடங்குபவை, ஆகவே அத்தனை வாடிக்கையாளருக்கும் ஒரே எண். இங்கே டிஸ்க் எதையும் கெடுக்கவில்லை. சகிப்பே கெடுத்தது.

சகிக்க வேண்டிய இன்னோர் இடம், மின்சாரம் போன தருணம். எழுதிக்கொண்டிருந்த குறிப்பின் கடைசி வரி பாதியில் நிற்பது சேதம் அல்ல, எதிர்பார்த்த ஒன்றுதான். ரெடிஸ் என்ற தரவுத்தளம் இதை அழகாகப் பிரிக்கிறது: தன் பதிவுக் கோப்பின் வால் அறுந்திருந்தால் அதுவரை ஏற்றிக்கொண்டு, அறுந்ததைப் பதிவேட்டில் சொல்லிவிட்டு இயங்கத் தொடங்கும், கோப்பின் நடுவே கெட்டிருந்தால் இயங்க மறுத்து நின்றுவிடும். ராக்ஸ்டிபி என்ற இன்னொரு தரவுச் சேமிப்பு மென்பொருள் இதற்கு நான்கு விதமான மீட்பு முறைகளைக் கொடுத்து, எதைச் சகிக்கலாம் என்பதைப் பயன்படுத்துபவரே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறது. கெட்ட வரிகளையெல்லாம் தாண்டிப்போகும் முறையும் அதில் உண்டு, ஆனால் அது இயல்பு நிலை அல்ல. இயல்பாக மௌனமாகத் தாண்டக்கூடாது. தாண்டுவது என்றால் ஒரு மனிதர் தெரிந்து, எழுத்தில் சொல்லித் தாண்ட வேண்டும்.

உங்கள் உரிமையாளரின் எரிச்சலில் ஒரு நியாயமும் இருக்கிறது. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணுக்குப் புரியாத ஆங்கிலத்தில் பிளாக் எண்ணைக் காட்டுவதால் யாருக்கும் பயனில்லை. அவர் ‘ஓகே’ அழுத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அதனால் இரண்டு செய்திகள் வேண்டும். அவர் திரையில், ‘இந்த நோயாளியின் பழைய முடிவுகளை இப்போது காட்ட முடியவில்லை; புதிய பதிவு செய்யலாம்; பழைய எண்ணைத் தாளில் குறித்துவையுங்கள்’ என்று தமிழில் வர வேண்டும். அதே நொடியில் உங்கள் கைபேசிக்குப் பிளாக் எண், கோப்பின் பெயர், நேரம் எல்லாம் அடங்கிய குறுஞ்செய்தி வர வேண்டும். இதை எழுதிக் கொடுப்பது விற்பனையாளரின் வேலை. பிழையை மறைக்க அவர் ஒதுக்க நினைத்த நேரத்திலேயே இதைச் செய்ய முடியும்.

இனி இன்று செய்ய வேண்டியது. கூட்டம் கலைந்ததும் சர்வரை முறைப்படி நிறுத்தி, தரவுக் கோப்புகள் முழுவதையும் உள்ளபடியே இன்னொரு டிஸ்கில் நகல் எடுங்கள். கெட்டதையும் சேர்த்துத்தான், எந்தப் பழுதுபார்ப்பும் அதற்குப் பிறகே. நகல் எடுக்கும்போதே படிப்புப் பிழை வந்தால் டிஸ்க் சாகிறது என்று பொருள். அதில் திரும்ப எதையும் எழுதாதீர்கள். லினக்ஸின் கர்னல் பதிவேட்டில் டிஸ்க் பிழைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிழைச் செய்தியில் இருக்கும் கோப்பு எண் எந்த அட்டவணைக்கு உரியது என்று கண்டுபிடியுங்கள். அது அட்டவணை அல்ல, ஓர் இண்டெக்ஸ்தான் என்று தெரிந்தால் உங்களுக்கு நல்ல காலம்: ரீஇண்டெக்ஸ் செய்தால் ஒரு பதிவும் இழக்காமல் எல்லாம் திரும்பிவிடும். அட்டவணையே என்றால், கடைசி நல்ல பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, காணாமல் போன வரிகளை அங்கிருந்து எடுங்கள். விற்பனையாளர் சொன்ன அந்த செட்டிங்குக்கு உரிய இடமும் இங்கேதான் வருகிறது. நீங்கள் எடுத்த நகலில் மட்டும் அதைப் போட்டு, மிச்சம் இருக்கும் நல்ல பக்கங்களை வெளியே எடுத்து, பேக்கப்பில் இருப்பதோடு எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் இல்லாதவற்றுக்கு அனலைசரின் நினைவகம், அச்சிட்ட நகல்கள், குளிர்பெட்டி.

செக்சம் இல்லாத சர்வராக இருந்தால், 12-ஆம் பதிப்பு முதல் இருக்கும் ‘பிஜி செக்சம்ஸ்’ கருவியால் சர்வரை நிறுத்திவைத்து இயக்கிவிடலாம். அதோடு விட்டுவிடவும் கூடாது. செக்சம் பார்க்கப்படுவது பக்கத்தைப் படிக்கும்போதுதான். ஐந்தாண்டு பழைய முடிவை யாரும் திறக்காவிட்டால் அங்கிருக்கும் சேதம் அப்படியே உறங்கும். இரவு டம்ப் அட்டவணைகளைப் படித்துவிடும், இண்டெக்ஸ்களைப் படிக்காது. அதற்காக இண்டெக்ஸ்களைச் சரிபார்க்கும் ‘பிஜி ஆம்செக்’ கருவியை வாரம் ஒருமுறை ஓட விடுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு கணினியில் ஏற்றி, வரிகளை எண்ணி, எண்ணியவர் கையெழுத்தோடு குறித்துவையுங்கள். பழைய பேக்கப்பை அழிப்பது அந்தக் கணக்கு ஒத்துப்போன பிறகுதான்.

வேறு தரவுத்தளத்துக்கு மாறுவதைப் பற்றி: ஆரக்கிளுக்குப் போனால் இதே சேதத்துக்கு 1578 என்ற எண்ணில் பிழை வரும், எஸ்க்யூஎல் சர்வரில் 824, மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் பெரும்பாலும் சர்வரே விழுந்துவிடும். அந்த மாற்றத்துக்கு ஒதுக்க நினைத்த பணத்தை தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் ‘ஈசிசி’ நினைவகம் உள்ள ஒரு சர்வருக்குக் கொடுங்கள். நினைவகத்திலேயே புரண்ட பிட்டுக்கும் சேர்த்துத்தான் செக்சம் கணக்கிடப்படும், ஆகவே அந்தத் தவற்றைச் செக்சம் பிடிக்காது. கூகுள் தன் சர்வர்களில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட நினைவகத் தகடுகளில் பிழை கண்டிருக்கிறார்கள். கடைகளில் சேர்த்துக் கொடுக்கும் சாதாரணக் கணினிகளில் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும் வசதியே பெரும்பாலும் இருப்பதில்லை. பணம் மிஞ்சினால் நல்ல யுபிஎஸ் ஒன்று.